சதுர அடிக்குப் பன்னிரண்டு அங்குலம்

அறுவடைக்கு நின்ற வயலின் ஓரத்தில், இரண்டு யூரியா மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். மூட்டைகளுக்கு அடியில் ஒரு பலகை. சரியாக ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம். பலகைக்கு அடியில் எங்கள் ஊர்க் களிமண்.

பலகை சின்னது, மூட்டைகள் பெரியவை. அதனால் அண்ணி இரண்டு கைகளாலும் மூட்டைகளை அணைத்துப் பிடித்திருந்தார். விழுந்துவிடாமல் இருக்க நான் ஒரு மூங்கில் கழியைத் தரையில் ஊன்றியிருந்தேன். என் எடையில் ஒரு பங்கு அந்தக் கழி வழியாக இறங்கியிருக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் செய்த தவறுக்கு முன்னால் இது ஒரு தவறே இல்லை.

வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னங்க பண்றாங்க?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"மண்ணு எவ்வளவு கனம் தாங்கும்னு தம்பி பாக்குறாங்க" என்றார் அண்ணி.

அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு, சிரிப்பதற்கு வசதியான தூரம் வரும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

மூன்று நாள் வரிசை

ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

தை மாதம். பொங்கல் முடிந்திருந்தது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அண்ணன் காலமான பிறகு அதை அண்ணிதான் நடத்துகிறார். அண்ணி பெயர் தனலட்சுமி, வயது அறுபத்திரண்டு. எனக்கு மூன்று வயது மூத்தவர். நான் இருபத்தாறு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தேன். என் மனைவி மகள் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தாள். சாப்பாடு அண்ணி வீட்டில்.

அந்த வருடம் கதிர் முற்றிய நேரத்தில் பெய்த ஒரு மழையில் பயிர் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. தண்ணீர் வடிந்து ஒரு வாரம் ஆகியும் வயல் முழுதாகக் காயவில்லை. மேலே பொருக்கு கட்டியிருக்கும், உள்ளே சேறு. வங்கக் கடலில் மறுபடியும் ஏதோ சுழல்வதாக டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த கதிர்மேல் இன்னொரு மழை விழுந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

அறுக்கிற இயந்திரத்தில் இரண்டு வகை உண்டு. டயர் போட்டது ஒன்று. அது கனமானது, காய்ந்த வயலுக்கு ஆனது. இன்னொன்று பெல்ட் மெஷின். டாங்கிபோல அகலப் பட்டையில் நகரும். ஈர வயலில் அதுதான் போகும். ஊரில் எல்லோருக்கும் ஈர வயல் என்பதால் பெல்ட் மெஷினுக்கு மூன்று நாள் வரிசை. டயர் மெஷினோ வேலையில்லாமல் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

"தம்பி, டயர் மெஷின் நம்ம வயல்ல எறங்குமா?" என்று அண்ணி கேட்டார்.

"ஏன் அண்ணி என்னைக் கேக்குறீங்க?"

"உங்களுக்குத்தான் அழுத்தக் கணக்கெல்லாம் தெரியுமே."

தெரியாது என்று சொல்ல அது நல்ல தருணம். நான் "பாத்துச் சொல்றேன்" என்றேன்.

இருபத்தேழு புள்ளி ஏழு

அழுத்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரிந்தது என்ற கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாலிடெக்னிக் முடித்து, ஊர்ப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வருடம் சில்லறை வேலைகள் பார்த்த பிறகு, வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத்துக்குப் பம்பாய் போயிருந்தேன். முன்னால் உள்ளே போய் வந்தவன் என்னோடு ஒரே லாட்ஜில் தங்கியிருந்த கும்பகோணத்துக்காரன். வெளியே வந்தவன் என் காதில், "ஒரு பிஎஸ்ஐக்கு எத்தனை இன்ச் தண்ணின்னு கேக்குறான்டா. இருபத்தேழு புள்ளி ஏழு" என்றான்.

பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்டு என்று பொருள். டயர் கடையில் 'முப்பது பவுண்டு காத்து' என்கிறோமே, அதுதான். அதே அழுத்தத்தைத் தண்ணீர் நிற்கும் உயரமாகவும் சொல்லலாம், பாதரசம் நிற்கும் உயரமாகவும் சொல்லலாம். ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் குழாயில் தண்ணீரை இருபத்தேழு புள்ளி ஏழு அங்குலம் தூக்கி நிறுத்தும். பாதரசம் கனமானது. அதை இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேதான் தூக்கும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது அந்த ஓர் எண் மட்டும். உள்ளே போனேன். அதையே கேட்டார்கள். சொன்னேன். கேட்டவர் முகம் மலர்ந்துவிட்டது. கும்பகோணத்துக்காரன் வேறு எதிலோ தடுக்கி ஊருக்குத் திரும்பினான். நான் விமானம் ஏறினேன்.

இருபத்தாறு வருட வாழ்க்கை, மகள் படிப்பு, மாடி வீடு எல்லாம் ஒரு லாட்ஜ் அறைக்காரன் காதில் சொன்ன எண்ணின் மேல் நிற்கின்றன.

நகராத முள்

வேலை அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது. அங்கே இருந்த இயந்திரங்கள் பழைய அமெரிக்கச் சரக்கு. ஒன்றில் பிஎஸ்ஐ, ஒன்றில் பாதரச அங்குலம், ஒன்றில் தண்ணீர் அங்குலம், இன்னொன்றில் தண்ணீர் அடி. ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்காகச் சுவரில் ஓர் அட்டவணை மாட்டியிருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்ப்பேன், பெருக்குவேன், எழுதுவேன். இருபத்தாறு வருடமும் கணக்கு சுவரில்தான் இருந்தது. என் தலைக்கு அது இடம் மாறவே இல்லை.

அந்த அட்டவணையின் கடைசி வரிசை 'சதுர அடிக்கு இத்தனை பவுண்டு'. எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அந்த வரிசையை மறைத்து யாரோ ஒரு காலண்டரை மாட்டியிருந்தார்கள். வருடா வருடம் காலண்டர் மாறியது. வரிசை வெளியே வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காற்றுக் குழாய்க்கு அழுத்தமானி வாங்க எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வரைபடத்தில் மூன்று அங்குலம் தண்ணீர் என்று இருந்தது. நான் மூன்று அங்குலம் பாதரசம் என்று எழுதினேன். பாதரசம் தண்ணீரைப்போலப் பதின்மூன்றரை மடங்கு கனம். ஆகவே வந்து சேர்ந்த அழுத்தமானிக்கு எங்கள் குழாயின் காற்று ஒரு பொருட்டாகவே இல்லை. நான்கு மாதம் முள் அசையவில்லை.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, நான் வந்த பிறகு அந்தக் குழாயில் ஏற்ற இறக்கமே இல்லை என்று பாராட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பிறகு சத்தமில்லாமல் வேறொன்று வரவழைத்து மாற்றினேன். இன்றுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஊர் திரும்பியதும் ஆள் மாறிவிட்டேன். மோட்டார் கடையில் போய், இந்த பம்பு எத்தனை அடி தூக்கும் என்று கேட்பவர்களிடம், அடியை இரண்டு புள்ளி மூன்று ஒன்றால் வகுத்தால் பிஎஸ்ஐ வரும் என்று கேட்காமலே சொன்னேன். அண்ணியின் குக்கர் முதல் விசில் அடித்தபோது, உள்ளே முப்பது அங்குலப் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கிறது என்றேன்.

"பருப்பு வெந்துருக்குமா தம்பி?" என்று அண்ணி கேட்டார்.



முப்பதுக்கு மயிரிழை குறைவு

இனி பலகைக்கு வருகிறேன்.

யோசனை எளியது. டயரில் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை பவுண்டு அழுத்தத்தைத்தான் அது தரைக்குக் கொடுக்கும். மண் அதைவிட அதிகம் தாங்கினால் மெஷின் இறங்கலாம். மண் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் ஒரு சதுர அடிப் பலகை.

யூரியா மூட்டை ஒன்று நாற்பத்தைந்து கிலோ. இரண்டு மூட்டை தொண்ணூறு. நான் எழுபத்திரண்டு. மொத்தம் நூற்று அறுபத்திரண்டு கிலோ. பவுண்டில் முந்நூற்று ஐம்பத்தாறு. அந்தக் கனத்துக்குப் பலகை அரை அங்குலம் அழுந்தி நின்றுவிட்டது. ஆகவே மண் சதுர அடிக்கு முந்நூற்று ஐம்பத்தாறு பவுண்டு தாங்குகிறது. இதுவரை சரி.

இதைச் சதுர அங்குலத்துக்கு மாற்ற வேண்டும். போனில் தட்டியிருந்தால் ஒரு நொடியில் வந்திருக்கும். ஆனால் அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை மேல் உட்கார்ந்தபடியே சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு காகிதத்தையும் எடுத்தேன். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். முந்நூற்று ஐம்பத்தாறைப் பன்னிரண்டால் வகுத்தேன். முப்பதுக்கு மயிரிழை குறைவாக வந்தது.

"டயர்ல எவ்வளவு காத்து வச்சிருக்காங்கன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"இருவத்தெட்டுன்னு அந்த டிரைவர் சொன்னாரு."

"அப்ப தாங்கும். எறக்கலாம் அண்ணி."

அண்ணி மூட்டைகளை விட்டுவிட்டு நிமிர்ந்தார். வயலின் நடுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரி" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பலகையை வரப்போரத்தில் மட்டும்தான் வைத்துப் பார்த்தேன். அங்கே மண் காய்ந்திருந்தது. நடு வயலுக்குப் போகாததற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. புது பேன்ட் போட்டிருந்தேன்.

டிரைவர் செல்வம்

மறுநாள் காலை பத்து மணிக்கு மெஷின் வந்தது. ஓட்டி வந்தவர் செல்வம். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வருடா வருடம் அறுவடைக் காலத்தில் மெஷினோடு டெல்டாவுக்கு வந்து இரண்டு மூன்று மாதம் தங்கி அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர். மெஷின் அவருடையது இல்லை. முதலாளி ஆத்தூரில் இருந்தார்.

செல்வம் மெஷினைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு வயலுக்குள் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு இருபதடி உள்ளே போய்க் குதிகாலை ஊன்றி அழுத்தினார். குதிகாலை எடுத்ததும் பள்ளத்தில் தண்ணீர் ஊறியது.

"ஈரம் இருக்குங்க சார்."

"ஈரம் இருக்கட்டும். தாங்குமான்னு பாத்தாச்சு" என்று நான் காகிதத்தை நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். நான் அடிக்கோடு போட்டிருந்த எண்ணை மட்டும் உற்றுப் பார்த்தார்.

"சார் என்ன வேலைங்க?"

"பிரஷர்தான் என் வேலை. இருபத்தாறு வருஷம்."

அவர் காகிதத்தை இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார். மரியாதைக்காரர்.

வரப்போரமாக முதல் சுற்று நன்றாகவே போனது. நெல் தொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டு அண்ணி முகம் தெளிந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தேன். இரண்டாவது சுற்றில் மெஷினின் சத்தம் கனத்தது. மூன்றாவதில், வயலின் நடுவில், வலது சக்கரம் மெதுவாக உட்கார்ந்தது. செல்வம் பின்னால் எடுக்கப் பார்த்தார். இடது சக்கரமும் உட்கார்ந்தது. கரும்புகை கிளம்பி அடங்கியது. சக்கரத்தில் பாதி கண்ணுக்குத் தெரியவில்லை.

செல்வம் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றபடி சுற்றிலும் பார்த்தார்.

நான்தான் முதலில் பேசினேன். "காத்து இருபத்தெட்டுதானா? அதிகம் வச்சிருப்பீங்க."

"காலையிலதான் சார் பாத்தேன்."

"அப்ப திருப்பும்போது வேகமாத் திருப்பியிருப்பீங்க."

அவர் போனை எடுத்து முதலாளிக்குச் சொன்னார். மறுமுனையின் கத்தல் வரப்பில் நின்ற எனக்கே கேட்டது. கண்ணு தெரியலையா, எத்தனை வருஷமா வண்டி ஓட்டுற, காலை வச்சுப் பாக்க மாட்டியா, நாளைக்கு வேற ஆளை அனுப்புறேன், நீ சாவியைக் குடுத்துட்டு பஸ் ஏறு.

"நான்தாங்க பாத்துட்டு எறக்குனேன்" என்றார் செல்வம். "தப்பு என்னுதுதாங்க."

அவர் என் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

ரசம்

மதியம் அண்ணி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். செல்வத்துக்கு அண்ணி முன்பே வயலுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பியிருந்தார்.

அண்ணி குறை எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது, சொல்வதைவிடச் சிரமமாக இருந்தது. அதனால் நானே காகிதத்தை எடுத்து மேசை மேல் விரித்து, என் கணக்கில் தப்பே இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். இது எடை, இது பலகை, இது டயர். அண்ணி ரசத்தை ஊற்றிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்தப் பன்னெண்டு என்ன தம்பி?"

"அடிக்குப் பன்னெண்டு அங்குலம் அண்ணி. அடிக் கணக்கை அங்குலக் கணக்கா மாத்தணும்னா பன்னெண்டால வகுக்கணும்."

"சதுர அடின்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமா."

அண்ணி காகிதத்தை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்று முகம் சொன்னது.

"நம்ம குழிக் கணக்குல, பன்னெண்டடிக் கோலை நீளத்துல ஒண்ணு, அகலத்துல ஒண்ணு வச்சா ஒரு குழி. அதுக்குள்ள நூத்தி நாப்பத்தி நாலு சதுர அடி இருக்கும். பன்னெண்டு இருக்காது. வரிசைக்குப் பன்னெண்டுன்னு பன்னெண்டு வரிசை. நூறு குழி ஒரு மா. அப்படித்தான் பத்திரத்துல போட்டுருக்கு." பிறகு தயங்கிச் சொன்னார்: "வெளிநாட்டுக் கணக்கு வேற மாதிரியோ என்னமோ."

சோறு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

வெளிநாட்டுக் கணக்கும் அதேதான். அங்கேயும் ஒரு சதுர அடிக்குள் நூற்று நாற்பத்து நான்கு சதுர அங்குலம்தான். முந்நூற்று ஐம்பத்தாறை நூற்று நாற்பத்து நான்கால் வகுத்தேன். இந்த முறை போனில் தட்டினேன். இரண்டரைகூட முழுதாக வரவில்லை.

இரண்டரை பவுண்டு தாங்கும் என்று மட்டும் பார்த்த வயலில் இருபத்தெட்டு பவுண்டு டயரை இறக்கச் சொல்லியிருக்கிறேன். நான் ஒற்றைக் காலில் நின்றிருந்தாலே அந்த மண்ணுக்கு அதைவிட அதிக அழுத்தம் கொடுத்திருப்பேன். செல்வத்தின் குதிகால் சொன்ன பதில் என் காகிதத்தைவிடப் பதினோரு மடங்கு சரி.

"தப்பு என்மேல அண்ணி" என்றேன்.

"சாப்புடுங்க. ஆறிடும்" என்றார் அவர்.

ஸ்பீக்கரில்

வெயில் தாழ்வதற்கு முன் வயலுக்குப் போனேன். செல்வம் மெஷினின் நிழலில், வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய துணிப்பை கட்டி வைத்தபடி இருந்தது. பஸ் ஏறத் தயாராகிவிட்டார்.

இந்த முறை பேன்ட்டைப் பற்றி யோசிக்கவில்லை. சேற்றில் இறங்கி, இரண்டு தரம் விழப் பார்த்து, அவரிடம் போய்ச் சேர்ந்தேன். கணக்கைச் சொன்னேன். எங்கே தவறினேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"விடுங்க சார். நானும் காலை வச்சுப் பாத்தேனுங்க. எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

"பின்ன ஏங்க எறக்குனீங்க?"

"நீங்க பேப்பர் காட்டுனீங்க. படிச்சவரு சொல்றாரு, நமக்குத்தான் தெரியலையோன்னு நெனச்சுட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"முதலாளிக்கு போன் போடுங்க. நான் பேசுறேன்."

"வேண்டாங்க சார். அவரு கோவத்துல இருக்காரு."

"போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். நான் என்னை அறிமுகம் செய்துகொண்டு, செல்வம் ஈரம் இருக்கிறது என்றுதான் சொன்னார், நான்தான் கணக்குப் போட்டு இறக்கச் சொன்னேன், கணக்கு தப்பு என்றேன்.

முதலாளி கேட்டார்:

"நீங்க என்ன வேலை பாத்தீங்க சார்?"

"அழுத்தமானி சரிபாக்குற வேலை."

"எத்தனை வருஷம்?"

"இருபத்தாறு."

அவர் போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்த யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்புதான், மறைக்கப் பார்த்துத் தோற்ற சிரிப்பு.

"செல்வத்துகிட்ட குடுங்க சார்."

செல்வம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசியதால் அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. "சரிங்க. சரிங்க. இல்லீங்க, நல்ல மனுசருதாங்க." போனை வைத்துவிட்டுத் துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளேயிருந்து லுங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"போகலையா?"

"மெஷின எடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போகச் சொல்லிட்டாருங்க."

பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்லச் சொன்னாரு சார், நீங்க சொன்னத. அவரு சம்சாரத்துக்கு" என்றார். முதலாளி உண்மையிலேயே சொன்னாரா, செல்வம் சேர்த்துக்கொண்டாரா தெரியவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

மழை

மறுநாள் காலை, வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த வீட்டுக்காரர் எங்களுக்காக ஒரு நாள் விட்டுக்கொடுத்தார். இரக்கப்பட்டுத்தான். ஊரில் அதற்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பெல்ட் மெஷின் வந்தது. முதலில் இரும்புக் கயிறு கட்டி டயர் மெஷினை இழுத்தது. நானும் அண்ணியும் செல்வமும் சக்கரத்துக்கு அடியில் வைக்கோலையும் தென்னை மட்டையையும் திணித்தோம். மூன்றாவது இழுப்பில் அது சேற்றை உதறிக்கொண்டு வெளியே வந்தது.

அதன் பிறகு பெல்ட் மெஷின் அறுக்கத் தொடங்கியது. திணறித் திணறித்தான் போனது, ஆனால் நிற்கவில்லை. மதியம் மூன்று மணி சுமாருக்கு வடகிழக்கே கறுத்தது. நான்கு மா அறுத்து முடித்திருந்தபோது முதல் சொட்டு என் கண்ணாடியில் விழுந்தது. மிச்சம் இரண்டு மா. இழுத்து வெளியேற்றியதில் போன காலை நேரம் இருந்திருந்தால் அதுவும் முடிந்திருக்கும். அந்த நேரத்தைத் தின்றது யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்தது. அந்த இரண்டு மாவில் கதிரிலேயே பச்சையாக முளை கிளம்பிவிட்டது. வைக்கோலுக்குக்கூட ஆகவில்லை.

மழை விட்ட நான்காம் நாள் காலை அண்ணி வாசலில் நெல்லைத் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்று, நேரில் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மா நெல்லை நான்தான் தொலைத்தேன் என்றேன். நடு வயலைப் பார்த்தபோது உங்களுக்கே சந்தேகம் வந்தது, பிறகு ஏன் என்னைத் தடுக்கவில்லை என்றும் கேட்டேன்.

அண்ணி துழாவுவதை நிறுத்தவில்லை.

"வந்துச்சு தம்பி. டயர் எறங்காதுன்னு எனக்குத் தோணுச்சுதான்."

"அப்பறம்?"

"உங்க அண்ணன் போனதுலேருந்து இந்த வயலுக்கு என்ன பண்ணணும்னு நான்தான் சொல்றேன். வெதைக்கலாம், வேண்டாம், தண்ணி வைக்கலாம், அறுக்கலாம். தப்பாப் போனா அதுவும் நான்தான். எட்டு வருஷமா வேற யாரும் வந்து எறக்கலாம், வேண்டாம்னு ஒண்ணும் சொன்னதில்ல. நீங்க மூட்டை மேல உக்காந்துகிட்டு எறக்கலாம்னு சொன்னீங்க. கேக்கவே நல்லா இருந்துச்சு. சரி, ஒரு தடவை வேற யாராவது சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன்."

எட்டு வருடத்தில் ஒரு முறை அவர் பாரத்தை இறக்கி வைக்க இடம் பார்த்திருக்கிறார். நான் அந்த ஒரு முறையும் பன்னிரண்டால் வகுத்திருக்கிறேன்.

ஒரு காலால் நெல்லைத் துழாவிக் கோடு போட்டுக்கொண்டே அண்ணி வாசல் முழுதும் நடந்து முடித்தார். பிறகு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"உளுந்து வெதை வாங்கி வச்சிருக்கேன். அறுப்புக்கு முன்னால தெளிச்சிருக்கணும், பயிரு சாஞ்சு கெடந்ததால முடியல. இப்ப ஈரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மெஷின் உழப்புன எடத்துல தண்ணி நிக்குது. தெளிக்கலாமா, இன்னும் ரெண்டு நாள் போகட்டுமா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியலையே அண்ணி" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஐம்பத்தொன்பது வயது ஆகியிருந்தது.

"எனக்கும் தெரியல" என்றார் அண்ணி. "வாங்க, போய்ப் பாப்போம்."